கல்லறைப் பூவும் ஊசி சிஸ்டரும்

தனக்கென்று அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டது ஒரே ஒரு குச்சி. செத்த பிறகு கல்லறை ஓரமாக நட்டு வைக்க, கட்டைவிரல் தடிமனில் ஒரு செடிக்குச்சி. ஊரில் பாதிப் பேரைத் தாய் வயிற்றிலிருந்து வெளியே எடுத்துப் போட்டவர், மீதிப் பேருக்கு ஊசி போட்டவர். அவருக்கு அந்த ஒரு குச்சியைக் கொடுக்க இந்த ஊருக்கு மனசு வரவில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதினால் ஆறும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறுமென்று நம்பிக்கை இல்லை.

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் கோயில் என்றால் அது மாதா கோயில். பக்கத்திலேயே கன்னியர் மடம். அதனால் சிஸ்டர் என்று சொன்னால் எந்த சிஸ்டர் என்று திருப்பிக் கேட்பார்கள். மடத்தில் இருப்பவர்கள் மடத்து சிஸ்டர். சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்த இவர் ஊசி சிஸ்டர். கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர் இவரையும் மடத்துக்காரர் என்று நினைத்து, ஜெபமாலைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்தாராம். இவர் அவருடைய முகத்தையே பார்த்துவிட்டு, "பிரஷர் பாக்கட்டுமா சாமி?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் நிஜமாகவே எகிறிக்கிடந்ததாம்.

"பாக்கட்டுமா", "குத்தட்டுமா", "எடுக்கட்டுமா". இந்த மூன்று வார்த்தைகளில் அவரை முழுசாகச் சொல்லிவிடலாம். கேட்காமல் எதையும் தொடமாட்டார். பெரியவர்களிடம் கேட்பது மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். இவர் கைக்குழந்தையிடமும் கேட்பார். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "குத்தட்டுமா?" என்றார். நான் வாணாம் என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் புடிச்சிக்கிறேன், நீங்க குத்துங்க சிஸ்டரு என்று கத்துகிறாள். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. இவர் அசையவில்லை. "அது சொல்லட்டும்மா." எனக்கே சலித்துப்போய்ச் சரி என்றேன். வலிக்கத்தான் வலித்தது. ஆனால் சரி என்று நானே சொல்லித் தொலைத்திருந்ததால் அழ வழியில்லாமல் போய்விட்டது.

இதனால் அவர் வாங்காத திட்டு இல்லை. டாக்டர் திட்டுவார், கூட வேலை செய்கிறவர்கள் திட்டுவார்கள். குடித்துவிட்டு வரப்பில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவனிடம்கூட, தையல் போடட்டுமா என்று அவன் தலையாட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று சிரிப்பார்கள். அவருக்குக் கோபமே வராது. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்தச் செடி அவருக்கு வந்ததும் ஒரு ஊசியால்தான். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். வில்லியனூரில் அப்படியொரு சொல்தா தாத்தாவுக்கு வேலைக்குப் போகிற வழியில் இன்சுலின் போட்டுவிட்டுப் போவார் சிஸ்டர். தாத்தாவின் மகள் ரீயூனியன் தீவில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போய்வந்தவர் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவில் ஒரு குச்சியைச் சுருட்டிக்கொண்டு வந்து சிஸ்டருக்குக் கொடுத்தார். பேர் ஃப்ரஞ்சிபானி என்று சொன்னாராம். அந்தப் பேரை சிஸ்டர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். யார் வாயிலும் நுழையவில்லை.

பார்க்க உலர்ந்த முருங்கைக் கொம்பு மாதிரி இருந்தது. வாசலில் நட்டார். மொட்டையாக மாசக்கணக்கில் நின்றது. செத்துப்போச்சி, புடுங்கிப் போடுங்க சிஸ்டரு என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொன்னார்கள். பிறகு துளிர்த்தது. இலை நம் ஊர் அரளி இலை மாதிரி ஒல்லியாக வந்தது. மூன்றாவது வருஷமோ என்னவோ பூத்தது. கோயில்களில் நிற்கிற தடித்த இதழ்ப் பூ இல்லை இது. இதழ் ஒவ்வொன்றும் நாடாவைக் கிழித்ததுபோல மெலிந்து, நுனியில் சுருண்டு, வெள்ளையாக இருக்கும். தொண்டையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். வெயில் தாழ்ந்ததும் வாசனை கிளம்பும். எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளும்போது வருகிற வாசனையும் பால் காய்ச்சுகிற வாசனையும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் வேலை பார்க்கும் திருவாண்டார்கோயில் கம்பெனியிலிருந்து மருந்து நெடியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருமுனையிலேயே அது வந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை தலைவலியாக இருக்கும். அப்புறம் இருக்காது.

கிளை எடுக்கவேண்டும் என்றால் மரத்தையும் கேட்பார். கிளைமேல் கையை வைத்து, "ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். ஒருநாள் நான் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். "மரம் இன்னா சொல்லிச்சி சிஸ்டர்?" என்று கிண்டல் பண்ணினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாணாம்னு சொல்லல." அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அது ஒரு பேச்சாகிவிட்டது. நான் அவர் வீட்டு அடுப்படியில் புகுந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, டப்பா வாணாம்னு சொல்லல சிஸ்டர் என்பேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஊருக்கு அந்த வாசனை ஆகவில்லை. மற்ற ஊர்க் கோயில்களில் நிற்கிற சாதாரண ஈழத்தலரியை எங்கள் ஊரில் கல்லறைப் பூ என்பார்கள். கல்லறைத் தோட்டத்து மூலையில் அந்தக் காலத்தில் யாரோ வைத்த மரம் ஒன்று நின்றதால் வந்த பேர். அதே ஜாதிச் செடி என்று தடித்த கிளையையும் வடிகிற பாலையும் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ஆனால் எங்கள் அம்மா, கல்லறைப் பூ வாசன வூட்டுக்குள்ள வருது, கதவ சாத்துடி என்பாள். நானும் எத்தனையோ சண்டை போட்டுப் பார்த்தேன். வாசனையில் என்னம்மா எழவு இருக்கு என்று கேட்டால், அந்த வார்த்தையை வெளக்கு வெக்கற நேரத்துல சொல்லாதே என்று அதற்கும் ஒரு அடி விழும்.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கரும்பும் நெல்லும் வைக்கிறவர். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குக் கமிட்டியில் எந்த வருஷமும் ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பார். உறவு கிடையாது, தெருவுக்கே மாமா. அவர் மகளுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. தட்டிப்போனதற்கு அவர் வாய்தான் காரணம் என்று தெருவுக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. யாரோ வந்து, வாசலுக்கு நேரெதிரே கல்லறைப் பூ நின்றால் வீட்டில் நல்லது எப்படி நடக்கும் என்று ஓதிவிட்டுப் போய்விட்டார்கள்.

போலியோ சொட்டு மருந்து போடுகிற ஞாயிற்றுக்கிழமை அது. சிஸ்டர் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். நானும் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஒவ்வொரு குழந்தையிடமும், "ஊத்தட்டுமா? ஆ சொல்லு" என்று குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரருடைய தம்பி பேரன் வாயிலும் அன்றைக்கு அவர்தான் ஊற்றினார். அதே நேரத்தில் இங்கே ஆளை வைத்து அவருடைய மரத்தை அடியோடு வெட்டி, கட்டைமேல் மண்ணெண்ணெயும் ஊற்றியிருக்கிறார்கள். மனுஷ ஜென்மம் செய்கிற வேலையா இது?

திரும்பி வந்தவர் வாசலில் குவிந்துகிடந்த கிளைகளைப் பார்த்தார். வெட்டின இடத்திலெல்லாம் பால் சொட்டிக்கொண்டிருந்தது. யார் வெட்டியது என்று கேட்டார். எதிர்வீட்டு வராந்தாவிலிருந்து, எழுந்திருக்கக்கூடச் செய்யாமல், மாமா பதில் சொன்னார்.

"பொண்ண பாக்க வர்றாங்க சிஸ்டரு. எதிர்லயே கல்லறைப் பூ நின்னுனு இருந்தா இன்னா நெனப்பாங்க? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேட்டிருந்தா நானே நவுத்தி வெச்சிருப்பேனேபா" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான்.  நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டி நாலு கேள்வி கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, இந்தக் கிளைங்கள நெழலுக்குத் தூக்கறியா, முடியுமா என்று கேட்டார். அவர் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? தூக்கினேன். கையெல்லாம் பால் ஒட்டி இரண்டு நாள் அரித்தது. சொல்லிவிடுகிறேன், மரம் போனதும் மாப்பிள்ளை ஒன்றும் ஓடிவந்து விழவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக அதற்கப்புறமும் வருஷங்கள் ஆயின.

வெட்டிப்போட்டால் ஒழிந்தது என்று நினைத்தார்கள். அந்தச் செடி வெட்டினால்தான் பெருகும். நுனிக்கிளையை அளவாக நறுக்கி, நிழலில் ஒரு வாரம் போட்டு, அடியில் பால் காய்ந்து தோல் கட்டின பிறகு நட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு மரம். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். சிஸ்டர் வீட்டுக் கூடம் முழுக்கப் பேப்பர் விரித்துக் குச்சிகள் காய்ந்தன. காய்ந்ததும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். "ஒண்ணு வெக்கட்டுமா? எடம் இருக்குமா?" அய்யய்யோ கல்லறைப் பூவா என்று சொல்லிக் கதவைச் சாத்தாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எங்கள் அம்மா பால் கொடுத்து உபசரித்தாள், குச்சியை மட்டும் வாங்கவில்லை. மடத்து சிஸ்டர்கள் யோசிக்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதிர்வீட்டுக்கு ஆகாது என்று தெரிந்ததால் தன் வாசலில் மறுபடி வைக்கவில்லை. கடைசியில் சாமியாரிடம் போனார். கல்லறைப் பூ கல்லறைக்கே போகட்டுமே என்று அவர் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் நேரே போய் நட்டிருப்பார்கள். இவர் மறுபடியும் வீடு வீடாகப் போனார். "உங்க அப்பாரு கல்லறை ஓரமா ஒண்ணு வெக்கட்டுமா?" இந்த முறை ஒருவரும் மறுக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஆகாதது செத்தவர்களுக்கு ஆகிவிட்டது. கேட்க வீடில்லாத கல்லறைகளும் இருந்தன. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு நட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் குடத்தோடு போவார். அதிகம் தண்ணீர் ஊற்றவும் கூடாது, ஊற்றாமலும் இருக்கக் கூடாது. இலையில் துரு மாதிரி ஒரு நோய் வரும், அந்த இலைகளைக் கிள்ளித் தூரப் போடவேண்டும். சில வருஷத்தில் கல்லறைத் தோட்டமே மாறிவிட்டது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்த வந்தவர்கள் அந்தப் பருவத்தின் கடைசிப் பூக்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். இன்னா வாசன என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கதவைச் சாத்தின அதே ஜனம்தான்.

அன்றைக்குத்தான் என்னிடம் கேட்டார். மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, "நான் போனப்பறம் எனக்கும் இதுல ஒண்ணு வெக்கிறியா? முடியும்னா சொல்லு" என்றார். நான் சரி சிஸ்டர் என்றேன். "சும்மா தலையாட்டாத. யோசிச்சி சொல்லு." யோசித்துச் சரி என்றேன். எங்கள் வீட்டு முன்னால் சிமெண்டைத் தவிர ஒரு கைப்பிடி மண் கிடையாது, ஆனால் அவ்வளவு மரம் அங்கேயே நிற்கும்போது ஒரு குச்சிக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

அப்புறம் காலம் மாறியது. மணப்பட்டுப் பக்கம் கடற்கரையில் ரிசார்ட்டுகள் வந்தன. அங்கே வாசலிலும் நீச்சல்குளத்தைச் சுற்றியும் இந்த ஜாதி மரங்களைத்தான் வைத்தார்கள். கல்யாண மண்டபத்திலும் போனிலும் அந்தப் பூதான். சொல்தா தாத்தா சொன்ன பேர் எல்லோர் வாயிலும் இப்போது தாராளமாக நுழைந்தது. ஃப்ரஞ்சிபானி, ஃப்ரஞ்சிபானி என்று ஒரே அலட்டல்.

கல்லறைத் தோட்டத்தைச் சீர் பண்ணுகிறோம் என்று கமிட்டி கிளம்பியது. வேர் கல்லறைகளைத் தூக்குகிறது என்றார்கள். அந்தச் செடிக்கு வேர் ஆழமும் போகாது, கல்லையும் தூக்காது. ஒரு காலையில் ஜேசிபி வந்தது. மரங்களை வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். எல்லாம் ரிசார்ட்டுக்குப் போயிற்று. குழிகளை மூடி, மேலே பேவர் கல் பதித்தார்கள். மூலையில் நின்ற அந்தப் பழைய மரத்தைக்கூட விடவில்லை. ஒரே ஒரு மரம் லாரியில் ஏறவில்லை. அது எதிர்வீட்டு மாமாவின் கேட் ஓரத்துக்குப் போனது.

ரிடையர் ஆகி, முட்டிவலியோடு இருந்த சிஸ்டர், பூசை முடிந்து கமிட்டிக்காரர்கள் நின்ற இடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரக் கேக்கணும் சிஸ்டரு? எடம் கோயிலுது, கமிட்டி தீர்மானம் போட்டாச்சி" என்றார் மாமா.

"நான் ஒவ்வொரு வூட்டுலயும் கேட்டுத்தான்பா வெச்சேன்."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் கேட்டிருந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தர் செருப்பைப் பார்த்தார், ஒருத்தர் போனைப் பார்த்தார். நான் வாய் திறந்தேன். திறந்து என்ன, அந்தப் பொண்ணுக்கு எப்பவும் வாய் நீளம் என்று போய்விட்டார்கள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். நேர் எதிரே அவருடைய மரம், அடுத்தவர் கேட்டுக்குள். வருகிறவர் போகிறவரிடம் மாமா, நர்சரியில ஆர்டர் குடுத்து வரவழைச்சது என்று சொல்வது இங்கே கேட்கும்.  உங்களுக்குக் கோவமே வராதா சிஸ்டர் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "வாசன மட்டும் யாரையும் கேக்காம வருது பாரு." குச்சியைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். சவ அடக்கத்துக்கு ஊரே திரண்டது. கல்லறையில் கமிட்டி சார்பாக மாமா பேசினார். ஊருக்கே தாய் என்றார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.  மண் இறங்கினதும் மேலே சிமெண்ட் கட்டி, டைல்ஸ் ஒட்டி, சுற்றிலும் பேவர் கல் பதித்தார்கள். ஒரு புல் முளைக்க இடமில்லை.

மழையிலும் பனியிலும் அந்த மரத்தில் குச்சி எடுக்கக் கூடாது. சித்திரை வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். போன வாரம் எதிர்வீட்டுக்குப் போனேன். திருட எனக்கும் தெரியும். ஊசி சிஸ்டருக்கு வைக்கிற குச்சியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதற்காகப் போனேன். மரம் நுனியெல்லாம் பூவாக நின்றது. மாமா கேட் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஒரு குச்சி வேணும். சிஸ்டர் கல்லறையில வெக்கணும். அவங்க கேட்டது."

அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். நிஜமாகவே புரியாதவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னாமா பேசற? இது ஃப்ரஞ்சிபானி. இதப்போயி யாராவது கல்லறையில வெப்பாங்களா?"

 கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கத்துவது? இந்த மனுஷருக்கு இப்போது நிஜமாகவே ஞாபகம் இல்லை. பேர் மாறினதும் பழசெல்லாம் கழுவிப்போய்விட்டது.

அதனால் அவரிடம் பேசுவதை விட்டேன். மரத்தருகே போய், கைக்கு எட்டின கிளைமேல் கையை வைத்தேன்.

"ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் நிற்பதுபோலவே கொஞ்ச நேரம் நின்றேன். மாமா, எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாணாம்னு சொல்லல மாமா" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து நறுக்கினேன். அவர் எழுந்து வருவதற்குள் பால் சொட்டச் சொட்டத் தெருவைத் தாண்டிவிட்டேன்.

குச்சி எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பேப்பர்மேல் காய்கிறது. அம்மா அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்குகிறாள். அடியில் தோல் கட்டிவிட்டது. இன்று காலை கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சிஸ்டர் தலைமாட்டில் இரண்டு பேவர் கல்லைப் பெயர்த்து வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நடப்போகிறேன். யாரைக் கேட்டுப் பெயர்த்தாய் என்று கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு தடவையாவது இந்த ஊர் வாயைத் திறந்து கேட்கட்டும்.